சேலை ஒரே நாளில் சுத்தம். மண்ணுக்கு எத்தனை ஆண்டு?

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு வரும் குரல்பதிவுகளில் பாதி, பாட்டு கேட்டு வரும். மீதியில் பிறந்தநாள் வாழ்த்து இருக்கும், கொம்தார் பக்கம் நெரிசல் இருக்கும், பாலத்தில் மோட்டார் சைக்கிள் விழுந்த செய்தி இருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒன்று வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, நானும் எங்க வீட்டுக்காரரும் ஜார்ஜ்டவுன்ல ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். கீழே சின்னதா ஒரு கஃபே, மேலே நாங்க தங்கிக்கலாம். கைக்குழந்தை இருக்கு. முன்னாடி அங்கே ட்ரை கிளீனிங் கடை இருந்துச்சாம். மூடி ரொம்ப வருஷமாச்சு. ஆனா பின்பக்க அறையைத் திறந்தா, கடையிலிருந்து இப்பதான் எடுத்துட்டு வந்த கோட் மாதிரி ஒரு வாசனை வருது. அது என்ன வாசனைக்கா? பயப்படணுமா?”

நேரலையில் இருந்தேன். அடுத்த பாட்டுக்கு இருபது விநாடி. “இலவசமா வாசனை கிடைச்சிருக்கு, ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும்” என்று சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். நேயர்கள் நான்கைந்து பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், ஒரு கல்யாணத்துக்காக அம்மா சலவைக்குக் கொடுத்திருந்த பட்டுச்சேலை, பிளாஸ்டிக் உறையோடு நாற்காலியில் கிடந்தது. உறையைப் பிரித்தேன். இனிப்பும் காரமும் கலந்த, மூக்கின் உள்ளே லேசாகக் குத்துகிற அந்த வாசனை. குழந்தையை வைத்துக்கொண்டு கேட்ட பெண்ணுக்கு நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அப்போது தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

வண்ணான்துறையிலிருந்து இயந்திரம் வரை

பினாங்குக்குச் சலவைத் தொழில் புதிதல்ல. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம், ஜாலான் யார்க் பக்கம் இருக்கும் டோபி காட் பகுதியை நம் பெரியவர்கள் வண்ணான்துறை என்று அழைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஆற்றுநீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஊருக்கே வெள்ளை வெளுத்துக் கொடுத்த இடம் அது. அவர்களோடு வந்த ‘டோபி’ என்ற சொல்தான் இன்றும் மலாய்மொழியில் சலவைக்கடைக்குப் பெயர். முக்குக்கு முக்கு முளைத்திருக்கும் நாணயம் போட்டுத் துவைக்கும் கடைகளின் பலகையிலும் அதே சொல்தான்.

அந்த நாணயக் கடைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றில் ஓடுவது தண்ணீரும் சோப்பும். ட்ரை கிளீனிங் வேறு. ‘உலர் சலவை’ என்று பெயர் இருந்தாலும் துணி நன்றாகவே நனைகிறது. ஆனால் தண்ணீரில் அல்ல, ஒரு கரைப்பானில். தண்ணீர் பட்டால் சுருங்கும் பட்டு, கம்பளி, கோட் போன்றவற்றிலிருந்து எண்ணெய்க் கறையை அந்தக் கரைப்பான் இழுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் மண்ணெண்ணெய், பெட்ரோல் வகைகளைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். அடிக்கடி தீப்பிடித்தது. பிறகு தீப்பிடிக்காத ஒன்று கிடைத்தது. பெர்குளோரோஎத்திலீன் என்பது அதன் பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாகப் ‘பெர்க்’ என்பார்கள். 1821-இலேயே மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த பொருள்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலகமெங்கும் சலவைக்கடைகளின் முதன்மைக் கரைப்பானாகிவிட்டது. எரியாது, கறையை நன்றாக எடுக்கும், காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கடைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தீ ஆபத்து போனது. வேறொரு ஆபத்து மெதுவாக உள்ளே வந்தது.

கடைக்குள் என்ன நடக்கிறது?

இளமையில் ஒரு சலவைக்கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அந்தக் காலத்து இயந்திரங்களில் துவைப்பது ஒரு டிரம், உலர்த்துவது இன்னொரு டிரம். பெர்க்கில் ஊறிய துணியைக் கையால் அள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். கை உறை கிடையாது, மூக்குக்கு எதுவும் கிடையாது. “மதியத்துக்கு மேலே தலை கிறுகிறுன்னு வரும்மா. வெளியே போயி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்தா சரியாயிடும்னு நெனைப்போம்” என்றார்.

அழுக்கான பெர்க்கை வடிகட்டி, காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து மீண்டும் எடுப்பார்கள். அண்டாவின் அடியில் கறுப்பாக ஒரு கசடு தங்கும். அதில் துணியின் அழுக்கோடு பெர்க்கும் இருக்கும். மாற்றிப்போட்ட வடிகட்டிகளிலும் இருக்கும். காய்ச்சும்போது பிரிந்து வரும் கொஞ்சம் தண்ணீரிலும் கரைந்திருக்கும். இந்த மூன்றையும் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “தண்ணியைச் சாக்கடையிலதான்மா. கசடைப் பின்னாடி எங்கயாச்சும். அப்ப யாரும் எதுவும் சொல்லலை.”

அவரைக் குறைசொல்ல முடியாது. உலகம் முழுவதும் அப்போது அதுதான் வழக்கம். இயந்திரத்தில் ஊற்றும்போது சிந்துவது, குழாய் இணைப்பில் சொட்டுவது, சாக்கடையில் விடுவது, கொல்லையில் கொட்டுவது என எல்லா வழியும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். மண்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

சமையல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். பெர்க் மூழ்கும். அது தண்ணீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு கனம். சிமெண்டுத் தரை அதைத் தடுக்காது. நுண்ணிய துளைகள் வழியாக ஊடுருவிவிடும். மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டும் நிற்காமல் இன்னும் கீழே போய், களிமண் அடுக்கு எதிர்ப்பட்டால் அதன் மேல் குட்டையாகத் தேங்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் ஓடும் திசையில் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும்.

எவ்வளவு பெர்க் இருந்தால் கெடுதல்? அமெரிக்காவில் குடிநீருக்கான சட்ட வரம்பு, ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு தேக்கரண்டி பெர்க், அதாவது 5 மில்லிலிட்டர், சுமார் 8 கிராம் எடை இருக்கும். அது முழுவதும் கரைந்தால் 16 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பைத் தொடவைக்கப் போதும். கடைக்காரர்கள் இதை வாங்கியது தேக்கரண்டிகளில் அல்ல, பீப்பாய்களில்.

உடலுக்கு என்ன செய்யும்? அதிக அளவில் சுவாசித்தால் தலைவலி, மயக்கம். நீண்டகாலம் பட்டால் நரம்பு மண்டலம், கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்க்கை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற இரண்டாம் நிலைப் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டுச்சேலையை ஆண்டுக்கு இரண்டு முறை சலவைக்குப் போடுபவர்களுக்கு இது பெரிய அச்சமல்ல. நாள் முழுதும் கடைக்குள் நின்றவர்களுக்கும், அந்த மண்ணின் மேல் வாழ்பவர்களுக்கும்தான் இது கவலை.

ஒரு கடை, ஒரு கிணறு, ஒரு தந்தை

இதற்கு உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்ற ஊரில் இருந்த ‘ஏபிசி ஒன் ஹவர் கிளீனர்ஸ்’ என்ற சலவைக்கடை. பெரிய தொழிற்சாலை அல்ல. சாலையோரத்தில் இருந்த சாதாரணக் கடை. 1950-களிலிருந்து நடந்தது. பெர்க் கலந்த கழிவுநீர் அங்கிருந்த மலத்தொட்டிக்குப் போனது. காய்ச்சிய பிறகு மிஞ்சிய கசடை, பக்கத்துச் சந்தில் இருந்த குழிகளை நிரப்பப் பயன்படுத்தினார்கள்.

சாலையின் மறுபுறம் கேம்ப் லெஜூன் என்ற மரைன் படை வீரர்களின் முகாம். அதற்குச் சொந்தமான டராவா டெரஸ் என்ற குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளில் ஒன்று, கடையிலிருந்து சுமார் 900 அடி தூரத்தில் இருந்தது. கிணறு தண்ணீரை இறைக்க இறைக்க, மண்ணுக்குள் இருந்த பெர்க்கும் அதன் பக்கம் நகர்ந்தது. 1985-இல் சோதித்தபோது அந்தக் கிணற்றில் லிட்டருக்கு 1,580 மைக்ரோகிராம் பெர்க் இருந்தது. குடியிருப்பின் குழாய்களுக்குப் போன தண்ணீரில் 215 வரை அளக்கப்பட்டது. வரம்பு 5 என்பதை நினைவில் வையுங்கள். கிணறுகள் மூடப்பட்டன. பிறகு அரசு ஆய்வாளர்கள் கணினி வழியே பழைய காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1957-இலேயே அந்தத் தண்ணீர் வரம்பைத் தாண்டியிருக்கும் என்று தெரிந்தது.

முகாமின் மற்ற பகுதிகளிலும் தண்ணீர் கெட்டிருந்தது. அதற்குக் காரணம் இந்தக் கடை அல்ல, முகாமின் சொந்தக் கசிவுகள். டராவா டெரஸ் குடும்பங்களின் குழாயில் வந்தது மட்டும் துணி வெளுத்த பெர்க்.

அந்தக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களில் ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற மரைன் படை வீரரும் ஒருவர். அவருடைய மகள் ஜேனி தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் குடும்பம் அங்கே இருந்தது. ஜேனிக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. 1985 செப்டம்பரில், ஒன்பது வயதில் இறந்தாள். ஏன் என் குழந்தைக்கு என்ற கேள்வி அப்பாவை விடவில்லை. 1997-இல் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன் வந்தபோது, முகாமின் தண்ணீரைப் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மகள் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு செய்தி வாசிப்பாளர் வாயால்தான் அவருக்கு அது தெரியவந்தது.

ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பிழைக்கும் எனக்கு இந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. ‘ஜன்னலைத் திறந்து வை’ என்று சிரித்தவள் நான்.

ஒரு குழந்தையின் நோய்க்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பல்லாயிரம் பேரின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தொடர்பு தெரிகிறது. என்ஸ்மிங்கர் விடாமல் போராடினார். 2012-இல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மருத்துவ உதவி தரும் சட்டம் வந்தபோது அதன் ஒரு பகுதிக்கு ஜேனியின் பெயர் வைக்கப்பட்டது. 2022-இல் இன்னொரு சட்டம், வழக்குப் போடும் உரிமையைக் கொடுத்தது.

கடை இருந்த இடம் 1989-இலேயே அமெரிக்காவின் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை முடிந்தபாடில்லை.

நாம் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லையே?

நியாயமான கேள்வி. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முற்றத்தில் இருக்கும் பழைய கிணறுகளிலிருந்து இன்று யாரும் குடிப்பதில்லை. அந்த வகையில் நாம் தப்பித்தோம்.

ஆனால் பெர்க்குக்கு இன்னொரு குணம் உண்டு. அது எளிதில் ஆவியாகும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இருக்கும் பெர்க், ஆவியாக மேலே ஏறி, தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, பழைய சாக்கடை இணைப்பு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னலை மூடிக் குளிரூட்டியைப் போட்டால் உள்ளேயே தங்கும். அதை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மூக்குக்குத் தெரியாத அளவிலேயே நீண்டகாலப் பாதிப்புக்கான வரம்பைத் தாண்டியிருக்கலாம். வாசனை வந்தால் அது பெர்க்தான் என்று சொல்லவும் முடியாது, அளந்தால்தான் தெரியும்.

இங்கே நம் கடைவீடுகளின் அமைப்பையும் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். கீழே தொழில், மேலே குடும்பம். ஜார்ஜ்டவுன் கடலோரச் சமவெளியில் இருப்பதால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் தெரியும். ஒரு வீட்டின் கொல்லையில் கொட்டியது அந்த வீட்டோடு நிற்காது.

பிரான்ஸ் நாடு இதைக் கவனித்தது. மக்கள் வாழும் கட்டடத்தோடு ஒட்டிய கடைகளில் புதிய பெர்க் இயந்திரம் வைக்கக்கூடாது என்று 2012-இல் உத்தரவு போட்டு, பழையவற்றையும் படிப்படியாக விலக்கியது. கலிபோர்னியாவில் 2023 முதல் சலவைக்கடைகளில் பெர்க் கிடையாது. அமெரிக்க மத்தியச் சுற்றுச்சூழல் முகமை, சலவைத் தொழிலில் பத்தாண்டுக்குள் பெர்க்கை ஒழிக்கும் விதியை 2024 டிசம்பரில் அறிவித்தது.

மண்ணை எப்படி வெளுப்பது?

கெட்ட மண்ணைச் சுத்தம் செய்யும் முறைகளைப் படித்தபோது, இதுவும் ஒரு சலவைதான் என்று தோன்றியது. ஆனால் துணியைப் போல் எடுத்து இயந்திரத்தில் போட முடியாது.

முதலில் அளக்க வேண்டும். தரையில் சின்னத் துளை போட்டு, அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சிச் சோதிப்பார்கள். மண் மாதிரி எடுப்பார்கள். அங்கங்கே மெல்லிய கண்காணிப்புக் கிணறுகள் இறக்கித் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது, மாசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அடுத்து, ஆழம் குறைவாக இருந்தால் கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். வரிசையாக ஒட்டி நிற்கும் கடைவீடுகளுக்கு அடியில் அது முடியாது. அங்கே உதவுவது காற்று உறிஞ்சும் முறை. துளையிட்ட குழாய்களை மண்ணில் இறக்கி, ஒரு பம்பை வைத்து மாத, வருடக் கணக்கில் ஆவியை இழுத்து, கரித்தூள் நிரம்பிய தொட்டி வழியாக விடுவார்கள். கரி பெர்க்கைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீருக்கு, இறைத்துச் சுத்திகரிக்கும் முறை உண்டு. மேலே கொண்டுவந்து காற்றூட்டி, கரியில் வடிகட்டுவார்கள். பிரச்சினை என்னவென்றால், களிமண்ணில் பதுங்கிய பெர்க் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும். பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் அளவு மறுபடி ஏறிவிடும். பல இடங்களில் பத்து, இருபது ஆண்டுகளாகப் பம்பு ஓடுவது இதனால்தான்.

அவசரம் என்றால் மண்ணையே சூடாக்குவார்கள். பூமிக்குள் மின்முனைகளை இறக்கி வெப்பமேற்றினால், தண்ணீரும் பெர்க்கும் சேர்ந்து 88 பாகை செல்சியஸ் அளவில் கொதித்து மேலே வரும். அதைப் பிடித்துக்கொள்ளலாம். விரைவான வழி, ஆனால் மின்கட்டணம் மலைக்க வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி முறை. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கழிவுநீர்ச் சேற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். பெர்க்கிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கடைசியில் தீங்கற்ற எத்திலீனாக மாற்றிவிடுவது அதன் வேலை. ஆக்சிஜன் இருந்தால் பிழைக்காது. ஆகவே மண்ணுக்குள் சமையல் எண்ணெயையோ சர்க்கரைப்பாகுக் கழிவையோ செலுத்துவார்கள். மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட, இதற்கு வசதியாகிவிடும். ஆனால் பாதியில் நின்றால் ஆபத்து. வழியில் உருவாகும் வினைல் குளோரைடு, பெர்க்கைவிட மோசமானது. உறுதியாகப் புற்றுநோய் தருவது. ஆகவே கடைசிவரை காவல் காக்க வேண்டும்.

இவை எல்லாம் நடக்கும் வரை மேலே வாழ்பவர்களுக்கு ஓர் இடைக்கால வழி உண்டு. தரைக்கு அடியில் குழாய் போட்டு, சின்ன விசிறியால் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடலாம். மண் சுத்தமாகாது, ஆனால் குழந்தை படுத்திருக்கும் அறைக்குள் அது வராது.

எவ்வளவு சுத்தம் போதும்?

வேலை தொடங்கினாலும் ஒரு சண்டை காத்திருக்கும். எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று யார் சொல்வது? நமக்குச் சுற்றுலாத் தலமாக மட்டும் தெரிந்த கொடைக்கானலில் நடந்தது இதுதான். அங்கே பெர்க் அல்ல, பாதரசம். ஹிந்துஸ்தான் லீவருக்குச் சொந்தமான வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அதிகாரிகள் ஏற்றார்கள். காடும் நீரோடையும் இருக்கும் இடத்துக்கு அது போதாது, வெளிநாடு என்றால் இப்படி விடுவீர்களா என்று ஊர்மக்களும் ஆர்வலர்களும் கேட்டார்கள். வாதம் நடந்துகொண்டே இருந்தது. மண் அப்படியே ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

சலவைக்கடையானாலும் தொழிற்சாலையானாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கெடுப்பதற்கு ஒருவர் போதும். சுத்தம் செய்ய எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் என்ன வழி?

மலேசியாவில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005-இல் வந்த விதிமுறைகள் பெர்க் போன்ற குளோரின் கலந்த கரைப்பான் கழிவுகளைப் பட்டியலிட்ட கழிவாக வைத்திருக்கின்றன. அவற்றைச் சாக்கடையில் விடக்கூடாது, குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. சுற்றுச்சூழல் துறையிடம் தெரிவித்து, முறையாகப் பெயர் ஒட்டி, 180 நாளுக்கு மிகாமல் வைத்திருந்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இத்தகைய கழிவுகளை எரித்தழிக்கும் பெரிய மையம் நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸில் 1990-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, சில குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்ந்தது.

மாசுபட்ட நிலத்தை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சீர்செய்வது என்று சுற்றுச்சூழல் துறை 2009-இல் வழிகாட்டி நூல்களும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் வழிகாட்டி என்பது கட்டளை அல்ல. பெட்ரோல் நிலையத்தையோ தொழிற்சாலையையோ விற்கும்போது பெரிய நிறுவனங்கள் மண்ணைச் சோதிப்பதுண்டு. ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுக்கும் இளம் தம்பதிக்கு, ‘இதற்கு முன் இங்கே என்ன நடந்தது’ என்று யாரும் சொல்லப் போவதில்லை. அவர்களே கேட்டால்தான் உண்டு.

ஆகவே கேளுங்கள். கடையோ வீடோ எடுக்கும் முன், முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்று உரிமையாளரிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் விசாரியுங்கள். சலவைக்கடை, அச்சகம், மோட்டார் பட்டறை என்றால் இயந்திரம் எங்கே இருந்தது, கழிவு எங்கே போனது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உள்காற்றையும் தரையடிக் காற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தையோ கர்ப்பிணியோ வாழப்போகும் இடமென்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சலவைக்குத் துணி போடும்போதும் ஒரு வார்த்தை கேட்கலாம். எல்லாக் கடைகளும் பெர்க் பயன்படுத்துவதில்லை. வேறு கரைப்பான் வைத்திருப்பவர்கள் உண்டு. தண்ணீரையே பக்குவமாகப் பயன்படுத்தி மென்துணிகளை வெளுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. நான் கேட்டபோது ஒரு கடைக்காரர் முறைத்தார். இன்னொருவர் உள்ளே கூப்பிட்டுப் போய், மூடிய இயந்திரத்தையும் பெயர் ஒட்டிய கழிவுப் பீப்பாயையும் பெருமையாகக் காட்டினார். அம்மாவின் சேலை இப்போது அவரிடம்தான் போகிறது. வாங்கி வந்ததும் உறையைப் பிரித்து, வராந்தாவில் ஒரு நாள் காற்றாட விடுகிறோம்.

அந்தக் குரல்பதிவு

என் பதில் தவறு என்று இரண்டு வாரம் கழித்து அதே காலை நிகழ்ச்சியில் சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் தனியாகப் பேசினேன். அவர் உரிமையாளரிடம் மண் சோதனை பற்றிக் கேட்டிருக்கிறார். “எத்தனையோ வருஷமா யாரும் கேட்கலையே” என்று பதில் வந்ததாம். சோதனைச் செலவை ஏற்க அவர் தயாராக இல்லை. இவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. இரண்டு தெரு தள்ளி, முன்பு மளிகைக்கடையாக இருந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். கஃபே திறந்த அன்று எனக்கு ஒரு கோப்பை காப்பி இலவசம்.

அவர்கள் தப்பித்தார்கள் என்று சொல்லலாமா, தெரியவில்லை. அந்தத் தரைக்கு அடியில் பெர்க் இருக்கிறதா, வெறும் பழைய ஈர வாடையா என்று யாரும் அளக்கவில்லை. இருந்தால், அது இன்று ஒருவர் எடுக்காமல் போனதால் குறையப் போவதில்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். பழைய சலவைக்கடைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். முன்கதவில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கியது.